கறண்ட் மாற்ற வந்தவர்

சூசைதாசன் பேனையின் மூடியைக் கழற்றி ராசன் பக்கம் தள்ளிவிட்டார். கறண்ட் கம்பனியை மாற்றும் படிவத்தில் இனிக் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த ராசனின் மனைவி கொறற்றி, கோப்பையை விட்டுவிட்டு அந்தப் பேனையையே பார்த்தாள்.

அது தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு. ஜெர்மனியில் விரும்பிய கம்பனியிடம் கறண்ட் வாங்கலாம் என்று புதிதாக வழி திறந்திருந்தது. அப்படி முளைத்த ஒரு கம்பனிக்கு ஆள் பிடிக்கிற வேலையைச் சூசைதாசன் எடுத்திருந்தார்.

விலையும் சும்மா இருக்கவில்லை. சித்திரையில் ஒரு வரி வந்தது, தையில் இன்னொன்று வரும் என்றார்கள். அடுப்பும் கறண்ட், குளிக்கிற சுடுதண்ணியும் கறண்ட். மகள் லவினியா குளிக்கப் போனால் ராசன் கதவில் தட்டத் தொடங்கியிருந்தான்.

சூசைதாசன் பேச்சில் கெட்டிக்காரர். பான் நகரில் தமிழ்ப் பூசை முடிந்ததும் மண்டபத்தில் ரோல்ஸ் கடித்துக்கொண்டே எல்லோருக்கும் கறண்ட் விளங்கப்படுத்துவார். இதுவரை கறண்ட் தந்த நகரசபைக் கம்பனி நூறு வருஷமாக எங்களை மொட்டையடித்தது போதும் என்பார். அவர் ஜெர்மனிக்கு வந்து பதினாலு வருஷம்தான் ஆகியிருந்தது.

அப்படிப்பட்டவர், அத்தனை தமிழ் வீடுகளையும் விட்டுவிட்டு முதன்முதலாகத் தன் வீட்டுப் படியேறியதில் ராசனுக்குப் பெருமை தாங்கவில்லை. வெறுங்கையோடும் வரவில்லை, கேக் வாங்கி வந்திருந்தார்.

கொறற்றிக்குத்தான் மனம் ஒப்பவில்லை.

லவினியா அதே நகரசபைக் கம்பனிக்கு எழுதிப் போட்டிருந்தாள். பள்ளி முடிந்ததும் அங்கே மூன்று வருஷம் சம்பளத்தோடு அலுவலக வேலை பழகலாம். அவுஸ்பில்டுங் என்பார்கள். அடுத்த வருஷத்துக்கு ஒரேயொரு இடம்தான் இருந்தது. நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள், போய் வந்தாள், பதில் இன்னும் இல்லை. பிள்ளைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இந்த நேரம் பார்த்து, உங்கள் கறண்ட் எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போவதா? அங்கே மேசையில் இருக்கிற யாரோ ஒருவர் பேரைப் பார்ப்பார். எங்களை விட்டுப் போன வீட்டுப் பிள்ளைதானே இது என்பார். அதோடு சரி.

மன்னாரில் ஒரு அரசாங்க வேலை எடுப்பதென்றால் யாருடைய முகத்தையும் முறிக்கக்கூடாது என்று கண்டு வளர்ந்தவள் கொறற்றி. ஜெர்மனியில் மட்டும் மனிதர்கள் வேறா என்ன?

ராசன் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்திருந்தான். லவினியாவும் சிரித்தாள். "அம்மா, அங்க ஒருத்தரும் அதைப் பாக்கமாட்டினம்" என்றாள். அவர்கள் சிரிக்கச் சிரிக்கக் கொறற்றிக்குப் பயம்தான் கூடியது.

இப்போது ராசன் பேனையை எடுத்துவிட்டான்.

தடுக்க ஒரு வழியும் தோன்றவில்லை. கொஞ்சம் நேரத்தைக் கடத்தலாம் என்றுதான் கொறற்றி வாயைத் திறந்தாள்.

"அண்ணை, உங்கட வீட்டில மாத்தி எவ்வளவு காலம்? கறண்ட் ஒழுங்கா வருதோ?"

சூசைதாசன் ஒரு துண்டுக் கேக்கை வாயில் போட்டார். மென்றார். அவ்வளவு நேரம் மெல்ல அந்தக் கேக்கில் ஒன்றுமில்லை.

"நாங்கள் இன்னும் மாத்தேல்லை, தங்கச்சி."

ராசன் நிமிர்ந்தான்.

சூசைதாசன் பேச்சில்தான் கெட்டிக்காரர், பொய் அவருக்கு வராது. மேசைவிரிப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எங்கட யூட்டும் அந்த இடத்துக்குத்தான் எழுதிப் போட்டிருக்கிறான். பதில் வரட்டும் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறம்."

யூட் அவருடைய மகன். லவினியாவின் வகுப்பில்தான் படிக்கிறான்.

இருக்கிறது ஒரு இடம், இந்த வீட்டில் ஒரு பிள்ளை, அந்த வீட்டில் ஒரு பிள்ளை. முதல் வீடாக ஏன் இங்கே வந்தார் என்று ராசனுக்கு இனி யாரும் விளங்கப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

கொறற்றிக்குக் கோபம் தலைக்கேறியது. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வாயெடுத்தாள். அப்போதுதான் அவருடைய முகத்தைச் சரியாகப் பார்த்தாள்.

இரண்டு கிழமையாக அவள் சுமந்து திரிந்த அதே பயம் அந்த முகத்தில் இருந்தது. ஊரெல்லாம் கறண்ட் விளங்கப்படுத்துகிற மனிதர், தன் வீட்டு மீற்றரைத் தொடப் பயந்துபோய் இருந்தார். இன்னொருவர் முகத்தில் பார்க்கும்போது அது எவ்வளவு மொக்குத்தனமான பயமாக இருந்தது. அவளுக்கு வெட்கம் வந்தது, பின்னாலேயே சிரிப்பும் வந்தது.

லவினியா கணக்கில் வகுப்பிலேயே முதல் ஆள். டொச் மொழியில் ஆசிரியைக்கே பிழை பிடிக்கிறவள். அவளுக்கு ஒரு இடம் எடுத்துக் கொடுக்கத் தாய் கறண்ட் கம்பியில் தொங்க வேண்டுமா?

"போடுங்கோ கையெழுத்தை" என்றாள் ராசனிடம். "என்ர பிள்ளை தன்ர கெட்டித்தனத்தில எடுப்பாள்."

ராசன் ஒருகணம் அவளைப் பார்த்தான். பிறகு குனிந்து, நல்ல பெரிதாகப் போட்டான்.

சூசைதாசன் படிவத்தை எடுத்து வைக்கவில்லை. ஆள் பிடித்த சந்தோஷமும் அவரிடம் இல்லை. ஆறிப்போன தேத்தண்ணியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, கதிரையை இழுத்துக் கொறற்றிக்குக் கிட்டவாக நகர்ந்தார். குரல் இறங்கியிருந்தது.

"அப்ப தங்கச்சி, நாங்களும் மாத்தலாம் எண்டுறியளோ?"