இடப்பக்கம் மூன்றாவது தோள்

எங்கள் வியாகுல மாதா சப்பரம் ஏன் எப்போதும் வலப்பக்கமே சாய்கிறது என்று எனக்குப் புரியவே இல்லை. அதைச் சுமப்பவர்கள் பெண்கள். ஒவ்வொருவரையும் தரையிலிருந்து தோள்வரை அளந்து, சம உயரமுள்ளவர்களை எதிரெதிரே நிறுத்துவது என் வேலை. அளவு சரியாக இருந்தால் சப்பரம் சாயாது, அவ்வளவுதான் கணக்கு.

"இந்தப் பெரிய வெள்ளியும் சாஞ்சுதுன்னா, அடுத்த வருஷம் சக்கரம் மாட்டிடுவேன்" என்றார் பங்குச் சாமியார் ஒலெகாரியோ. குவாத்தமாலாவில் இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. கோயில் கட்டிய காலத்திலிருந்து மாதா எங்கள் தோளில்தான் போகிறாள்.

தச்சர் வந்து பார்த்தார். தோளில் தாங்கும் கட்டையில் கோணல் இல்லை. ஒத்திகையில் இடப்பக்கம் மூன்றாவதாக யாரை மாற்றி நிறுத்தினாலும் ஒரே புகார்தான்.

"கட்டை என் தோள்ல படவே இல்லக்கா. ஒரு சாண் மேல நிக்குது" என்றாள் கடைசியாக அங்கே நின்ற ரொசால்பா.

"அப்போ யாருடி தூக்குறா, உன் மாமியாரா?" என்று கத்தினேன்.

"அவ குள்ளச்சிக்கா. இது யாரோ நெட்டச்சி!"

பெரிய வெள்ளியன்று அந்த இடத்தில் யாரையும் நிறுத்தவில்லை. அதற்கு நேரெதிரே, மற்றவர்களைவிட ஒரு சாண் உயரமான எலுவியாவை நிறுத்தினேன். சப்பரம் நேராகப் போனது.