வரிசையில் அடுத்த உறை

ஆகஸ்ட் 9. இன்று ஒரு சின்னத் தவறு செய்துவிட்டேன். மாலை வகுப்புப் படிப்புக்காக எங்கள் அவசரப் பிரிவில் நான் நடத்தும் ஆய்வில், ஒவ்வொரு நோயாளிக்கும் ரத்தத்தை நிறுத்தும் புதிய மருந்தா, வெறும் உப்புநீரா என்பதை ஒட்டிய உறைக்குள்ளிருக்கும் சீட்டுதான் முடிவுசெய்யும். வயிற்றில் குத்துப்பட்டு வந்தவருக்காக வரிசையில் வந்த உறையைப் பிரித்தேன். உப்புநீர்.

“டாக்டரம்மா, இங்க குடலு சரிஞ்சு கெடக்கு, நீங்க காயிதம் படிக்கிறீங்களா?” அவர் மனைவி என் கோட்டைப் பிடித்து உலுக்கினார்.

அந்தச் சீட்டை மறைத்துவிட்டு அடுத்த உறையைப் பிரித்தேன். மருந்து. பிழைத்துக்கொண்டார்.

அரைமணியில், குத்தியவனைத் தூக்கி வந்தார்கள். தெருவே கூடி அவன் மண்டையைப் பிளந்திருந்தது.

“விட்றாதீங்கக்கா,” என்றான்.

ஆய்வின் வரிசை கெடக்கூடாதென்று, மறைத்த உப்புநீர்ச் சீட்டை அவனுக்கு வைத்தேன். ரத்தம் நிற்கவேயில்லை; இறந்துவிட்டான்.

நாளை: வகுப்புக்கு முன் அவன் அம்மாவைப் பார்த்து, சீட்டு மாறியதைச் சொல்ல வேண்டும்.