வெள்ளிக்கிழமை முயல்

“தவக்காலத்து வெள்ளிக்கிழமையிலை முயல் இறைச்சி! இந்த ரெண்டு கண்ணாலையும் பார்த்தனான்.”

மேரிசாந்தி சொன்னதைக் கேட்டு, லண்டனில் மிச்சம் என்னும் ஊரின் தேவாலய மண்டபத்தில் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்த பெண்களின் கைகள் நின்றன.

“ஆரக்கா?”

“வேறை ஆர்? விஜயரத்தினம் அண்ணைதான். மூண்டு கிழமையாய் வாங்குறார். கஞ்சி ஊத்தி முடிய முன்னமே ஓடுறார், கவனிச்சனீங்களே? வீட்டிலை முயல் காத்திருக்குமெல்லே!”

சிரிப்பெழுந்தது.

சிலுவைப்பாதைக்குப் பின் கஞ்சி பரிமாறுவோர், நாற்பது நாளும் புலால் விலக்கியவராக இருத்தல் வேண்டும் என்பது அவர்கள் தமக்கென வகுத்துக்கொண்ட முறை. மனைவியை இழந்த விஜயரத்தினத்துக்கு, நாலு பேரோடு பேசக் கிடைப்பது அந்த அகப்பையைப் பிடிக்கும் நேரம் மட்டுமே. அதனை அனைவரும் அறிவர்.

மேரிசாந்தி கஞ்சி பரிமாறுவோர் பட்டியலை எடுத்தாள். அவர் பெயரின் மேல் நேராக ஒரு கோடு இழுத்தாள்.

“முகத்துக்கு நேரை சொல்லிப்போட்டு வாறன்.”

வெளியே தூறலும் வெயிலும் ஒன்றாய் மிதந்தன. டிராம் ஒன்று, உறக்கத்தில் எதையோ முணுமுணுப்பதுபோல் மணியடித்துக் கடந்தது.

விஜயரத்தினம் கதவைத் திறந்தார்.

“வாங்கோ தங்கச்சி. மெல்லக் கதையுங்கோ. இப்பதான் முழிச்சவள்.”

“ஆர் முழிச்சது?”

சமையலறை ஆவியால் வெளுத்திருந்தது. அடுப்பில் இரண்டு சட்டிகள்: ஒன்றில் பருப்பு, மற்றதில் உப்பும் தூளும் இல்லாத முயல் இறைச்சிச் சாறு.

மேசையில், துவாய்க்குள், கீரியைப் போன்ற நீண்ட சிற்றுடல் ஒன்று அரைக்கண் மூடிக் கிடந்தது. அதன் நெற்றியில் வெள்ளைப் பொட்டு.

“பஞ்சி!” என்றாள் மேரிசாந்தி, தன்னை அறியாமல்.

அவள் மகள் ஜெனோஜா வளர்த்த ஃபெரட். நாள் முழுதும் உறங்கியதால், சோம்பல் என்னும் பொருளில் வைத்த பெயர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அதற்கு வயிற்றோட்டம் நிற்கவே இல்லை. ‘வீடெல்லாம் நாறுது. ஒண்டில் இந்த எலி இருக்கோணும், இல்லாட்டி நான்’ என்றிருந்தாள் மேரிசாந்தி. காப்பகத்தில் விட்டுவிட்டதாகச் சொல்லி, மகள் லீட்ஸுக்குப் படிக்கப் போனாள். அதன்பின் வீட்டுக்கு அவள் அழைப்பது அரிதாயிற்று. நேரமில்லையாம்.

“குடல் அழற்சி” என்றார் விஜயரத்தினம், கரண்டியில் அள்ளிய சாற்றின் சூட்டை மணிக்கட்டில் சோதித்தபடி. “கோழியும் முட்டையும் ஒவ்வாதாம். கடைத்தீனி எல்லாத்திலையும் கோழிதானே! எல்லாம் மாத்திப் பார்த்து, இப்ப முயல் மட்டும்தான் தங்குது. நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் பருக்கோணும். பிந்தினால் சோர்ந்து விழுந்திடுவாள்.”

“அதுக்கோ ஓடி வாறனீங்கள்?”

“ஓம்.”

“ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே அண்ணை?”

“இவளை என்னட்டை விட்டிட்டுப் போகேக்கை, அம்மாவுக்குச் சொல்லமாட்டன் எண்டு பிள்ளைக்கு வாக்குக் குடுத்தனான்.”

மேரிசாந்தி கைப்பையை இறுகப் பற்றினாள்.

“பட்டியலிலை உங்கடை பேரை வெட்டிப்போட்டன்.”

 கரண்டியிலிருந்து ஒரு துளி துவாயில் விழுந்தது.

“சரி தங்கச்சி. இறைச்சி வாங்கினது உண்மைதானே.”

அப்போது கைபேசி ஒலித்தது.

“இதைக் கொஞ்சம் பிடியுங்கோ” என்று கரண்டியை அவளிடம் கொடுத்துவிட்டு, அவர் சுவரோரம் போனார்.

பஞ்சி மூக்கைத் தூக்கி மணம் பிடித்தது. பின், பழைய பகை எதுவும் நினைவில் இல்லாததுபோல், அவள் பிடித்த கரண்டியை நக்கத் தொடங்கியது. அவ்வளவு சிறிய நாக்கு. அவ்வளவு மெல்லிய சத்தம். ஆவிக்குள் எல்லாம் எங்கோ தொலைவில் நடப்பதுபோல் இருந்தது.

அந்தத் தொலைவிலிருந்தே, கைபேசியின் ஒலிபெருக்கியில், ஜெனோஜாவின் குரலும் வந்தது.

“அங்கிள், வெள்ளிக்கிழமை எண்டால் கோயிலாலை பிந்திடுவீங்களோ எண்டு உங்களுக்குப் போன் எடுக்காமல் இருக்க ஏலாது எனக்கு. பஞ்சி சாப்பிட்டவளோ?”

விஜயரத்தினம் திரும்பி, மேரிசாந்தியின் நனைந்த கண்களைப் பார்த்தார்.

“சாப்பிடுறாள் பிள்ளை” என்றார். “இண்டைக்கு உங்கடை அம்மாதான் பருக்கிறா.”