அலமாரியில் உம்மு அலி

"மறுபடியும் உம்மு அலி வாசனை!"

சுஹைர் அத்தை கூடத்தின் நடுவில் நின்று மூக்கை உறிஞ்சினாள். "பாலு, வெண்ணெய், கொட்டை எல்லாம் போட்ட இனிப்பு மணக்குது. இன்னைக்கு எங்க ஒளிச்சு வெச்சுத் தின்னீங்க, ஹாஜியாரே?"

பகல் தூக்கம் கலைந்து சோபாவில் உட்கார்ந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்த அவள் புருஷன் ஷவ்கி மாமா நிமிர்ந்து பார்த்தார். அலெக்ஸாந்திரியாவில் பாதி வாழ்நாள் டிராம் ஓட்டியவர். இனிப்பைக் கண்ணால்கூடப் பார்க்கக் கூடாது என்று டாக்டர் எச்சரித்த சர்க்கரைக்காரர்.

சமையலறை வாசலில் நின்ற மருமகள் நெர்மீன் தன் அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

உம்மு அலியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அவள் அறை அலமாரியில், குளிர்காலக் கம்பளிகளுக்குப் பின்னால் ஊறிக்கொண்டிருக்கும் குப்பிகளின் வாசனை அது.

வேப் என்கிற மின்சிகரெட்டில் ஊற்றி இழுப்பதற்கு அவளே கலக்கும் சாறு. சிகரெட்டை விட்டதே இதைப் பிடித்துக்கொண்டுதான். கலந்த கையோடு இழுத்தால் சோப்பைக் கடித்த மாதிரி இருக்கும். இருட்டில் வாரக்கணக்கில் கிடந்தால்தான் வனிலாவும் பாலும் கூடி வரும். நடுநடுவே குலுக்க வேண்டும், மூடியைத் திறந்து கொஞ்சம் மூச்சுவிட வைக்க வேண்டும். பெரியவர்கள் இரண்டு பேரும் கண் அசரும் நேரம் பார்த்துத்தான் திறப்பாள். வாசனைக்கு அது தெரியுமா, கதவிடுக்கு வழியாகக் கூடத்துக்கு வந்துவிடுகிறது.

சொல்லிவிடலாம்தான். ஆனால் இளைய மகனுக்கு நிச்சயம் பண்ணிய பெண் காப்பிக்கடையில் உட்கார்ந்து ஷீஷாப் புகை இழுத்தாள் என்று கேள்விப்பட்ட அன்றே மோதிரத்தைத் திருப்பி அனுப்பியவள் சுஹைர் அத்தை. நெர்மீனின் புருஷன் குவைத்தில் இருக்கிறான். அவனுக்கு அம்மா ஒரு போன் போட்டால் போதும், குடும்பம் சந்தி சிரித்துவிடும். அதனால் ஒவ்வொரு தடவையும் வாயை இறுக மூடிக்கொண்டாள்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று ஆயிற்று.

முதல் தடவை மாமா அல்லாஹ் மேல் ஆணையிட்டார். அடுத்த தடவை சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டினார். ஊசி குத்திப் பார்த்தால் சர்க்கரை கொஞ்சம் கூடத்தான் இருந்தது, அந்த வயசில் ஏறாமல் என்ன செய்யும்? "காப்பிக்கடைலதான் எவனோ ஊட்டி விடுறான்," என்று அத்தை தீர்ப்பு எழுதிவிட்டாள். அதோடு காப்பிக்கடைக்குத் தடை விழுந்தது, மாமாவின் சாயங்காலத் தாயக்கட்டை ஆட்டமும் சிநேகிதமும் போயிற்று.

அதுமுதல் அவர் பால்கனியே கதியென்று கிடந்தார். கீழே டிராம் போவதைப் பார்த்துக்கொண்டு ஸ்டேஷன் பெயர்களை முணுமுணுப்பார். பாவம், பழைய வேலை ஞாபகம் போல என்று நெர்மீன் நினைத்துக்கொள்வாள்.

இன்றும் ஆணையிட்டுக் கத்துவார் என்றுதான் எதிர்பார்த்தாள். மாமா கத்தவில்லை. தன் உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு நெர்மீனைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஆமா," என்றார். "நான்தான் தின்னேன்."

"இத முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல," என்று முனகிக்கொண்டு சுஹைர் அத்தை டீ போடப் போய்விட்டாள்.

நெர்மீனுக்குச் சுருக்கென்றது. மாமா மோப்பம் பிடித்துவிட்டார். வீட்டுக்கு வந்த பெண்ணின் மானம் போகக் கூடாதென்று, செய்யாத தப்பைத் தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டார்.

அடிப்பாவி, ஒரு வயசான மனுஷனை இப்படிக் காவு கொடுத்துட்டியே என்று தன்னையே திட்டிக்கொண்டு அறைக்குள் ஓடினாள். அலமாரியிலிருந்து ஒரு குப்பியை எடுத்துத் தலைத்துணிக்குள் மறைத்துக்கொண்டாள். மாமாவின் கையை முத்தமிட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும், அவர் கண்ணெதிரிலேயே இதைக் கொட்டிவிட வேண்டும்.

பால்கனியில் அவர் வழக்கம்போல் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். "ஷாத்பி, கேம்ப் சீசர், இப்ராஹிமிய்யா..." அங்கே நின்றது. திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தார்.

"மாமா..."

திடுக்கிட்டுத் திரும்பியவர், அவளுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார்.

"கதவச் சாத்தும்மா. உன்கிட்ட மட்டும் சொல்றேன், சுஹைர் காதுக்குப் போகக் கூடாது." நெர்மீன் கதவைச் சாத்தினாள். "எப்பத் தின்னேன், எங்க தின்னேன்னு எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல. ஆனா வீடெல்லாம் மணக்குதே. எனக்கே மணக்குது. எங்க அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சது, கடைசியில சொந்த வீட்டுக் கதவே அவருக்குத் தெரியல. அதான் தினமும் ஸ்டேஷன் பேரைச் சொல்லிச் சொல்லிப் பாக்கிறேன். இன்னைக்கு ஒண்ணு விட்டுப் போச்சு."

நெர்மீன் தலைத்துணிக்குள்ளிருந்து குப்பியை எடுத்து, மூடியைத் திறந்து அவர் மூக்கருகே நீட்டினாள்.

மாமா மோந்து பார்த்தார். அதே வாசனை. குப்பியைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதையும் நான்தான் வாங்கி ஒளிச்சு வெச்சேனா, மகளே?"

நெர்மீன் குப்பியைத் தன் கையில் வாங்கிக்கொண்டு கதவை விரியத் திறந்தாள்.

"அத்தை, இங்க வாங்க!" அவள் கத்திய கத்தலில் கீழே தெருவில் போனவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள்.