நேருக்கு நேர் போட்டி

"போட்டியான்னா கேக்கறீங்க? இன்னும் ரெண்டே வருஷம் மேடம். அந்தக் கம்பெனிக்காரன் கடையைக் கட்டிக்கிட்டு ஓடுவான், பாருங்க!"

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் தன் கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டார். வந்திருந்த பெண் நீட்டிய அட்டையைப் படிக்காமலேயே மேஜையில் போட்டு, அதன்மேல் அவளுக்கான காபிக் கோப்பையை வைத்தார். குறிப்பேடும் பேனாவுமாக ஒருத்தி தன்னைத் தேடி வந்தால், அவள் பத்திரிகைக்காரியாகத்தானே இருக்க வேண்டும்?

"நாளைக்கு விசாரணை. அதுக்கு முன்னாடி உங்க வாயாலேயே கேட்டு எழுதிக்கலாம்னு வந்தேன்" என்றாள் அவள்.

"எழுதுங்க, எழுதுங்க!"

பின்னறையில், லென்ஸ் தட்டுகளுக்குக் கீழே, ஒரு பழைய கணினி உறுமிக்கொண்டிருந்தது. அவருடைய சமூக வலைத்தளம் முழுவதும் அதற்குள்தான் இருந்தது. உறுப்பினர்கள் அறுநூற்றுப் பன்னிரண்டு பேர். நூலகத்தில் ஒன்று, பேருந்து ஓட்டுநர் சங்கத்தில் ஒன்று என்று இதுபோல நூற்றுக்கணக்கான பெட்டிகள். ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும், மொத்தத்துக்கும் முதலாளி என்று யாரும் கிடையாது. அந்தப் பெரிய நிறுவனத்தின் தளம் மட்டும் இவற்றோடு பேசாமல் கதவைச் சாத்தி வைத்திருந்தது; இங்கிருப்பவர் அங்கிருப்பவருக்கு ஒரு வரிகூட அனுப்ப முடியாது.

அந்தக் கதவைத் திறந்துவிட உத்தரவிடுங்கள் என்று வர்த்தக ஆணையத்தில் கடைக்காரர் மனு போட்டிருந்தார். எட்டு மாதம் அலைந்து அதை எழுதியது அவருடைய தங்கை. உறுப்பினர்களில் பாதிப் பேருக்குப் பிள்ளைகள் கதவுக்கு அந்தப் பக்கம்தான் இருந்தார்கள். வெளியூரில் படிக்கும் அவள் மகனும்தான்.

"போட்டியெல்லாம் ஒண்ணும் இல்லைங்க" என்றாள் தங்கை, ஒரு ஃபிரேமைத் துடைத்தபடி. "அவங்க விளம்பரம் விக்கிறாங்க. எங்ககிட்ட விக்க என்ன இருக்கு? எங்காளுங்க பூனைப் படம் போடுவாங்க, உங்க தெருவுல மழையான்னு கேப்பாங்க. ஓடவே ஓடாதவங்களைப் பந்தயத்துல சேக்கலாமா?"

வந்தவளின் பேனா நின்றுவிட்டது.

"நீ சும்மா இரு" என்று அதட்டினார் கடைக்காரர். "இவ இப்படித்தான் மேடம், எங்க போனாலும் கடைசி வரிசை. அவன் எங்களைப் பாத்து நடுங்கறான், தெரியுமா? போன மாசம் மட்டும் அவனை உதறிட்டு இங்க வந்தவங்க பதினோரு பேர்!"

"அதுல நாலு பேர் நீதான் அண்ணா. பாஸ்வேர்டை மறந்து மறந்து புதுசா கணக்கு தொறந்தே."

'பதினோரு பேர்' என்று மட்டும் எழுதிக்கொண்டாள் வந்தவள். "அப்ப, அங்க பிடிக்கலைன்னா யார் வேணாலும் இங்க வந்துடலாம், இல்லையா சார்?"

"தாராளமா! ரெண்டு நிமிஷ வேலை. யாரு கையைப் பிடிச்சு நிறுத்தப்போறாங்க?"

"அண்ணா, மனுவுல நாம எழுதினது..."

"மனுவை நாளைக்குப் பாத்துக்கலாம். இப்ப ரெண்டு பேர் பேசிட்டிருக்கோம்ல?"

"நேருக்கு நேர் போட்டின்னு போட்டுக்கலாமா சார்?"

"கடும் போட்டின்னு போடுங்க!"

அவள் குறிப்பேட்டை அவர் பக்கம் திருப்பினாள். "சொன்னது நீங்கதான்னு ஒரு கையெழுத்து."

"பேட்டிக்குக்கூடவா கையெழுத்து வாங்குவாங்க?" என்றாள் தங்கை.

"பெரிய இடம்னா அப்படித்தான். உனக்கென்ன தெரியும்?" கடைக்காரர் நீளமாகக் கையெழுத்திட்டு, அடியில் இரண்டு கோடும் இழுத்தார்.

"ரொம்ப நன்றி சார். எங்க வேலையைப் பாதியாக் குறைச்சிட்டீங்க." காபியைத் தொடாமலே அவள் கிளம்பிப் போனாள்.

"அடடா, போட்டோ எடுக்காமப் போறாளே!" என்று வாசல்வரை ஓடிப்போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினார் அவர்.

தங்கை கோப்பையைத் தூக்கினாள். வட்டமாகக் காபிக் கறை படிந்திருந்த அட்டையில் பெரிய நிறுவனத்தின் சின்னம் இருந்தது. அதற்குக் கீழே 'வழக்கறிஞர், சட்டப் பிரிவு' என்று இருந்தது.

அவள் இழுப்பறையிலிருந்து மனுவின் நகலை எடுத்து, அதன் முதல் வரியை மட்டும் அண்ணனுக்குப் படித்துக் காட்டினாள்: "அந்த நிறுவனத்துக்குப் போட்டியே இல்லை, அதை விட்டு வெளியேற மக்களுக்கு வழியும் இல்லை; ஆகவே..."