ரீட்டாவின் வைக்கோல்

குரங்கணிக்கு மேலே, ஏலத்தோட்டத்துச் சிற்றாலயத்தில் திருவருகைக்காலத்தின் நான்காவது மெழுகுவர்த்தியும் எரிகிறது. கிறிஸ்துமஸ் குடிலில், குழந்தை இன்னும் வராத தீவனத்தொட்டியை நோக்கி வரிசை நகர்கிறது. யாரையாவது மன்னித்தவர், குழந்தை படுக்க ஒரு வைக்கோல் போடலாம். அமலோற்பவம் கையிலும் இந்த வாரம் ஒன்று இருக்கிறது. மகள் கல்யாணத்தில் பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோன தங்கை ரீட்டாவை, இரண்டு வருடம் கழித்து மன்னித்திருக்கிறாள். வாசல் வழியே பனிமூட்டம் உள்ளே வருகிறது. சுடர்கள் சாய்ந்து நிமிர்கின்றன. முன்னால் நிற்கும் ரீட்டா தன் வைக்கோலைப் போட்டுவிட்டுத் திரும்புகிறாள். “ஒன்னத்தான்க்கா மன்னிச்சிருக்கேன்,” என்கிறாள் மெதுவாக. “என்னயவா?” ரீட்டா தலையை மட்டும் ஆட்டிவிட்டு பெஞ்சுக்குப் போகிறாள். அமலோற்பவம் தொட்டியின் முன் நிற்கிறாள். “வெரசாப் போடு ஆத்தா, குளுருல காலு மரத்துப்போச்சு,” என்கிறார் பின்னால் நிற்கும் சவரி. ஏலக்காய் பறித்துக் கறுத்த விரல்களுக்குள் வைக்கோல் மடங்குகிறது. கை விரிய மறுக்கிறது. அன்று சாம்பார் வாளியோடு ரீட்டாவின் இலை முன்னால் குனிந்தது நினைவுக்கு வருகிறது. நாலு பேர் சிரிக்கத் தான் சொன்னதும் வருகிறது: “புள்ள பெறாதவளுக்கு மொதப் பந்தி எதுக்குடி?”