சிவப்புக்கு நீலம்

பாதிக்கப்பட்டவர்: என் அப்பா வேலுச்சாமி. மும்பை தாராவியில் தோல் பை தைக்கிற பட்டறை வைத்திருக்கிறார். குற்றம் சாட்டப்பட்டவர்: அவருடைய ஆருயிர் நண்பர் ஜெயினுலாப்தீன் மாமா. செம்பூரில் கராஜ் வைத்திருக்கிறார். குற்றம்: சாமான் மாற்றிய காரை ‘ஒரிஜினல்’ என்று அப்பா தலையில் கட்டப் பார்த்தது.

சட்டம் படிக்கிறவள் வேறு எப்படி ஆரம்பிப்பாள்?

கல்யாணத்துக்கு முன்பே ரெண்டு பேரும் சேர்ந்து, ஏதோ ஒரு பங்களாவின் பின்பக்கம் துருப்பிடித்துக் கிடந்த ரெண்டு பழைய ஸ்போர்ட்ஸ் கார்களை வாங்கினார்கள். கூரை கிடையாது. ரெண்டே பேர்தான் உட்காரலாம். சிவப்பு அப்பாவுக்கு, நீலம் மாமாவுக்கு. ரெண்டிலும் சீட்டு அப்பா தைத்தது, இன்ஜின் மாமா பூட்டியது.

ஞாயிறு காலை ரெண்டு வண்டியும் மாட்டுங்காவுக்கு இட்லி சாப்பிடப் போகும். எது உசத்தி என்ற சண்டை இட்லி ஆறிப்போகும்வரை நடக்கும்.

அப்படிப்பட்ட மாமா போன ஞாயிறு, “மச்சான், மாத்திக்குவமா?” என்றார். “நீலத்தை ஒரு வாரம் ஓட்டிப் பாரு. பிடிச்சா வச்சுக்க. சிவப்பு எனக்கு.”

“ஒரிஜினல்தானே?” அப்பாவுக்கு எப்போதும் இந்த ஒரே கேள்விதான். சிவப்பில் ஒரு நட்டைக்கூட மாற்ற விட மாட்டார்.

“முப்பது வருஷமா பாத்துட்டுதான இருக்க?” என்றார் மாமா. இது பதில் இல்லை என்பதை அங்கேயே குறித்துக்கொண்டேன்.

அப்பா மயங்கிவிட்டார். “ஏட்டி ஷர்மி, வெண்ணெய் மாதிரி போவுதுட்டி.” சிவப்பில் போனால் மாட்டுங்கா சேருவதற்குள் ரெண்டு கடையில் நிறுத்தி அரை கிளாஸ் கட்டிங் டீ சொல்லுகிறவர், நீலத்தில் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. டீயே மறந்துபோகிற அளவுக்கு மயக்கம்.

“அறுபதைத் தொடப்போற மனுஷன் பாட்டு வேற பாடுதாரு,” என்றாள் அம்மா.

எனக்குப் பொறுக்கவில்லை. அப்பா பட்டறைக்குப் போன நேரம் பார்த்து, சயானிலிருந்து மெக்கானிக் சிராஜைக் கூட்டி வந்து நீலத்துக்கு அடியில் படுக்கவிட்டேன்.

“கிளட்ச் ஃபுல்லா மாத்திட்டாங்க மேடம்,” என்றான் வெளியே வந்து. “இப்போ வர்ற சின்னக் கார் சாமான். கிரீஸ்கூட காயல. பழைய வண்டியை ஆசைக்கு வாங்குற ஷோக்கீன் ஆளுங்க இதுக்குப் பாதி விலைகூடத் தர மாட்டாங்க.”

ஆதாரம் கிடைத்துவிட்டது. அடுத்த பஸ்ஸில் செம்பூர்.

“வாம்மா வக்கீலு. டீ சொல்லவா?” என்றார் மாமா.

“வேணாம். நீலத்துல கிளட்ச்சை மாத்தினது யாரு?”

“நான்தான்.”

மறுப்பார் என்று நினைத்து வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த வாதங்கள் அத்தனையும் வீண்.

“எப்போ?”

“போன மாசம். பழசைக் கழட்டும்போது எனக்கு அழுகையே வந்துட்டு.”

“அதை மறைச்சு எங்க அப்பா தலையில கட்டறீங்க.”

“ஆமா.”

“எங்க சிவப்புக்கு ஆசைப்பட்டு.”

மாமா, ஒரு வாரமாக அவர் கராஜில் நிற்கிற சிவப்பின் கதவைத் திறந்தார். “உக்காரு. இடது காலால கிளட்ச்சை மிதி.”

அந்த ஓட்டுநர் சீட்டில் உட்கார அப்பா என்னை இதுவரை அனுமதித்ததில்லை. பெருமையாக உட்கார்ந்து மிதித்தேன். அசையவில்லை. ரெண்டு காலையும் வைத்து, ஸ்டியரிங்கைப் பிடித்துத் தொங்கி மிதித்தேன். பாதிதான் போனது.

“உங்கப்பனுக்கு இடது முட்டி போயி ஒரு வருஷமாச்சு,” என்றார் மாமா. “ரெண்டு சிக்னல் தாண்டினா கால் விண்ணுவிண்ணுன்னு தெறிக்கும். அதான் டீக்கடை டீக்கடையா நிறுத்துதான். கேட்டா, ‘டீ நல்லாருக்கு மாப்ளே’ம்பான். முக்கால் டீயைக் கீழ ஊத்துறதை நான் பாத்துட்டுதான இருக்கேன். நீலத்துல இப்போ லேசா தொட்டாலே கிளட்ச் இறங்கும்.”

என் குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. “சிவப்புலயே மாத்திக் கொடுத்திருக்கலாமே?”

“அந்த ஒரிஜினல் கிறுக்கன்கிட்ட நீ ஸ்பானரோட போய்ப் பாரு. வண்டி ஓட்டுறதை விட்டாலும் விடுவான், நட்டைத் தொட விட மாட்டான்.”

“உங்க வண்டிக்குத்தான் விலை போச்சே மாமா.”

“விலைக்கு யாரு விக்கப்போறா? அவன் வண்டியை மூடிப் போட்டுட்டா, ஞாயித்துக்கெழமை நான் யாருகூட சண்டை போட?” கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி திரும்பிக்கொண்டார். “அவன்கிட்ட மூச்சு விட்டுராத. தெரிஞ்சா அன்னைக்கே திருப்பிக் கொடுத்துருவான்.”

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வழக்கில் தோற்று, சிரித்துக்கொண்டே வீடு வந்தேன்.

அப்பா நீலத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“மாமாகிட்ட என்ன சொல்லப்போறீங்க?”

“சரின்னுதான் சொல்லணும். சிவப்பைப் பிரியறதுதான் கொஞ்சம் கஷ்டமா இருக்கு.”

வக்கீல் புத்தி சும்மா இருக்குமா? “ஒரிஜினல்தானான்னு பாத்தீங்களாப்பா?”

அப்பா துணியை உதறினார். வாசலை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

“முதல் மிதியிலயே தெரிஞ்சுபோச்சுட்டி,” என்றார். “என்னை ஏமாத்திட்டோம்னு ஒரு வாரமா அவன் எம்புட்டு சந்தோஷமா திரியுதான். நீ போயி கெடுத்துராத.”